ரத்தம் உறையாமல் இருக்க எந்தக் குறையைக் கடன் வாங்கலாம்?

ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவானாலும், சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு குறையைத்தான் நமக்கு வேண்டுமென்றே உண்டாக்குகிறது. எந்தக் குறையை என்பதில்தான் வித்தியாசம்.

வார்ஃபரினும், நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அதன் பங்காளி அசிட்ரோமும் வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்து, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான ஃபேக்டர் 2, 7, 9, 10 நான்கையும் சேர்த்துக் குறைக்கின்றன. இதில் 9 பிறவியிலேயே குறைந்தால் அதுதான் ரத்தம் எளிதில் நிற்காத ஹீமோஃபீலியா பி நோய். ஃபேக்டர் 7 சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2 குறைய நாட்கள் ஆகும். அதனால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் முதலில் ஏறிவிடும், பாதுகாப்பு பின்னால்தான் வரும். காலில் ரத்தக்கட்டி வந்தவருக்குக் குறைந்தது 5 நாளாவது உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியையும் சேர்த்துப் போடுவது இதற்காகத்தான்.

பிறவியிலேயே ஃபேக்டர் 7 குறைந்தவர் கதை இன்னும் வேடிக்கை. மாத்திரையைத் தொடாமலேயே ஆபரேஷனுக்கு முந்தைய ரிசல்ட்டில் ஐஎன்ஆர் 2 என்று நிற்கலாம். ‘ஏற்கெனவே இளகித்தானே இருக்கிறது’ என்று விட முடியாது, அவருக்கும் ரத்தக்கட்டி வரும். வந்தால் வார்ஃபரின் டோஸை எந்த எண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது? அளவுகோலே கோணல்.

அபிக்ஸபான் என்ற புதிய மாத்திரைக்கு அந்த எண்ணே தேவையில்லை. அது செயலில் இறங்கிய ஃபேக்டர் 10-ஐ மட்டும் மறிக்கிறது. லேப் வாசலில் நோட்டோடு காத்திருக்க வேண்டாம், வைட்டமின் கே உள்ள முருங்கைக்கீரைக்குக் கணக்கு வேண்டாம். மூளைக்குள் ரத்தம் கசிவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. அதற்காக 10-ஐச் சாதுவான ஃபேக்டர் என்று நினைக்காதீர்கள். அது பிறவியில் கடுமையாகக் குறைந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழும்போதே ரத்தம் நிற்காது. மாத்திரையை ஒரு வேளை மறந்தாலும் பாதுகாப்பு சீக்கிரம் இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் வார்ஃபரின் பொறுமைசாலி. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு என் ஓட்டு பெரும்பாலும் அபிக்ஸபானுக்கே. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் பழைய மாத்திரைதான்: 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், அபிக்ஸபானின் இனத்தைச் சேர்ந்த ரிவரோக்ஸபான் வார்ஃபரின் வகையிடம் தோற்றது.

அப்புறம் ஃபேக்டர் 11. இது குறைந்தால் ஹீமோஃபீலியா சி. அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம். பல் பிடுங்கும்போதோ டான்சில் எடுக்கும்போதோதான் பலருக்குக் குறையே தெரியவரும். கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதமும் குறைவு. கடன் வாங்க இதைவிட நல்ல குறை ஏது? 2023-ல் ரிவரோக்ஸபானோடு மோதிய, ஃபேக்டர் 11-ஐத் தடுக்கும் அபெலசிமாப் என்ற மாதாந்திர ஊசியில் ரத்தக்கசிவு அவ்வளவு குறைந்ததால், ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில், அதே 11-ஐத் தடுக்கும் அசண்டெக்சியான் மாத்திரையின் ஆய்வும் பாதியில் நின்றது. காரணம் நேர்மாறு: பக்கவாதத்தைத் தடுப்பதில் அபிக்ஸபானுக்கு அது ஈடுகொடுக்கவில்லை.