ஒரே பெட்டியா, றாக்கையா, மாற்றி மாற்றியா? விளையாட்டுச் சாமான்கள் பெருகிய வீட்டுக்கு எது பொருந்தும்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் முடிந்து வீதிக் கடைகள் கழற்றப்படும் வேளையில், யாழ்ப்பாணத்து வீடுகளில் விளையாட்டுச் சாமான்களின் தொகை அந்த ஆண்டின் உச்சத்தில் நிற்கும். திருவிழாக் கடைகளில் வாங்கிய ஊதுகுழலும் பற்றரியில் ஓடும் காரும் ஒரு பக்கம். விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த மாமாமாரும் சித்திமாரும் கொண்டுவந்த கரடிப் பொம்மைகளும் லெகோப் பெட்டிகளும் இன்னொரு பக்கம். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் பிள்ளைகள் முற்றத்தில் இறங்க முடியாது; எல்லாம் ஹோலுக்குள் வந்து பரவிவிடும். ஒதுக்கும் வேலையைப் புரட்டாதியிலேயே தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்படி ஒதுக்குவது என்பதில் எங்கள் பக்கத்து வீடுகளில் மூன்று வழிகளைக் காண்கிறேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது ஒன்று. தாழ்ந்த றாக்கையில் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்குவது இன்னொன்று. பெரும்பகுதியை எடுத்து மறைத்துவிட்டு, சிலவற்றை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது மூன்றாவது. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் மூன்றாவதையே சொல்வேன். ஆனால் றாக்கை இல்லாமல் அது பாதிப் பயன்தான் தரும்.

முதலில் பெரிய பெட்டி. இதன் பலம் வேகம். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஹோலைத் துப்புரவாக்க வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அம்மம்மாவும் செய்யலாம், இரண்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம். பந்துகள், பெரிய கட்டைகள், துணிப் பொம்மைகள் போன்ற ஒரே வகைச் சாமான்களுக்குப் பெட்டி நன்றாகவே பொருந்தும். கலவையாகப் போடும்போதுதான் கெடுகிறது. அடியில் கிடக்கும் ஒரு லொறிக்காகப் பிள்ளை பெட்டி முழுவதையும் கவிழ்க்கிறது. கவிழ்த்ததும் லொறி மறந்துபோகிறது. படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டில் ஒரு துண்டு தொலைந்தால் மற்றத் துண்டுகளுக்கும் வேலையில்லை. அந்த ஒன்று பெட்டியின் அடியில் உடைந்த பாவைக் கைகளோடு கிடக்கும். பழைய றங்குப்பெட்டியை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பாரமான மூடி விழுந்தால் விரல் நசியும். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே ஏறி மூடிக்கொண்டால் மூச்சே முட்டிவிடும்.

றாக்கை வேறு எண்ணத்தில் பிறந்தது. மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்களைத் திறந்து வைத்தால், பிள்ளை தானே எடுத்து வேலை செய்து திரும்ப அதே இடத்தில் வைக்கும் என்பது அவர் வலியுறுத்தியது. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று இலங்கையில் பல முன்பள்ளிகளை மக்கள் மொண்டிசோரி என்றே அழைக்கிறார்கள். முன்பள்ளியில் தன் சாமானைத் தானே அடுக்கும் பிள்ளை வீட்டில் எறிந்துவிட்டுப் போகிறதென்றால், அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது, இங்கே இல்லை. பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இதை நாம் பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்க வேண்டியதில்லை. படிக்காமல் கிடக்கும் புத்தக றாக்கையைப் பக்கவாட்டில் கிடத்தினால் போதும். உயரமும் சரியாகும், சரிந்து விழும் ஆபத்தும் குறையும். நிமிர்த்தி வைப்பதானால் கோணத் தகடும் ஆணியும் கொண்டு சுவரோடு இறுக்கியே ஆக வேண்டும். பிள்ளைகள் தட்டுகளைப் படிகளாக நினைத்து ஏறுவார்கள். மேல்தட்டில் கவர்ச்சியான எதையும் வைக்கவும் கூடாது.

றாக்கைக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் எதிரி உண்டு: தூசி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில், கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் பூமியில் யன்னல் திறந்திருக்கும் வீட்டில், காலையில் துடைத்த தட்டு மாலையில் சிவந்திருக்கும். தட்டில் முப்பது சாமான்கள் இருந்தால் துடைக்கவே மனம் வராது. எட்டு இருந்தால் இரண்டு நிமிட வேலை. றாக்கையைக் கைவிட்டவர்களில் பலர் அதில் அளவுக்கு மேல் அடுக்கியவர்கள் என்பதே நான் கண்டது.

இங்கேதான் மூன்றாவது வழி உதவிக்கு வருகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல ஆதாரம். ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடைப்பட்ட 36 குழந்தைகளை ஓர் அறையில் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை 4 விளையாட்டுச் சாமான்கள், இன்னொரு தடவை 16. நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம் நின்றார்கள். அதே சாமானை வெவ்வேறு விதமாகவும் பயன்படுத்திப் பார்த்தார்கள். பதினாறு இருந்தபோது தொட்டார்கள், விட்டார்கள், அடுத்ததற்குப் போனார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இதே எண்ணிக்கை பொருந்தும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சின்னப் பிள்ளையின் முன்னால் குவியலைக் கொட்டுவது அதன் விளையாட்டைச் சிதறடிக்கிறது என்பதை நம்பலாம். சாமான் குறைந்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று பயப்படும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எப்போது மாற்றுவது? கலண்டரைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். தட்டில் இருப்பதைத் தொடாமல் கடந்து போகத் தொடங்கினால் அதுவே காலம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் பாதியை மாற்றுங்கள். நித்திரைக்குக் கட்டிப்பிடிக்கும் பொம்மையை ஒருபோதும் மறைக்காதீர்கள். தெரிவில் வகைகள் கலந்திருக்கட்டும்: கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று, சட்டி பானை வைத்துச் சமைப்பதற்கு ஒன்று, படம் கீறுவதற்கு ஒன்று. மறைத்தவற்றை அலுமாரியின் மேலோ கட்டிலின் கீழோ வைக்கலாம். பிள்ளை ஒன்றை நினைவு வைத்துக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதை மறுத்தால் ஒழுங்கு என்பது தண்டனையாகிவிடும். இந்த வழிக்கு ஒரு விலை உண்டு: பெரியவர் ஒருவர் இதை நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். தாயும் தந்தையும் வேலைக்குப் போய், அப்பப்பாவும் அப்பம்மாவும் பார்க்கும் வீட்டில் அவர்களோடு கலந்து பேசாமல் தொடங்கினால் ஒரு கிழமைகூட நிலைக்காது.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடிய பெட்டிக்கு மீண்டும் மதிப்பு வருகிறது. ஏழு வயது அண்ணனின் லெகோத் துண்டு இரண்டு வயதுத் தங்கையின் தொண்டைக்கு ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான சாமான்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தத் துண்டும் சின்னவளின் கைக்கு எட்டக் கூடாது. அண்ணனின் பெட்டி இறுகப் பூட்டும் மூடியோடு மேசைக்கு மேலே இருக்கட்டும், தரையில் ஒரு பாயை விரித்து அதில் மட்டும் அவன் கொட்டி விளையாடட்டும். முடிந்ததும் பாயின் நான்கு மூலையையும் தூக்கிப் பெட்டிக்குள் சரித்துவிடலாம். 1958இல் செய்த லெகோக் கட்டையோடு இன்றைய கட்டையும் பொருந்தும் என்பதால், லெகோ பேரப்பிள்ளைகள் வரை வைத்திருக்கத்தக்க சாமான். 40 பாகை செல்சியஸுக்கு மேற்படாத தண்ணீரில் கழுவினால் போதும்.

இனி எதில் போட்டு வைப்பது. பனையோலைப் பெட்டியும் கடகமும் எனக்கு மிகவும் விருப்பமானவை. விளிம்பில் நார் வைத்துப் பொத்திய கடகம் பாரமில்லாதது. பிள்ளை இழுத்துக்கொண்டு போகலாம், காலில் விழுந்தாலும் நோகாது, காற்று உள்ளே போய்வரும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவான காலத்திலிருந்து இந்தக் கைப்பணிக்குச் சந்தை தேடிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு ஹோலும் ஒரு சந்தைதான். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருந்தால் சாயம் போடாத ஓலையாக வாங்குங்கள். ஆனால் மாரியில் ஓலை தோற்றுவிடும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே றாக்கையில் அன்றாடம் கைபடும் சாமான்களுக்கு ஓலைப்பெட்டி, மறைத்து வைக்கும் சாமான்களுக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி என்று பிரித்துக்கொள்வது நல்லது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெட்டியின் முகப்பில் எழுத்தைவிடப் படம் உதவும். அந்தப் படத்தைப் பிள்ளையே கீறட்டும். அரிசிப் பையும் மட்டைப்பெட்டியும் வேண்டாம். மட்டைப்பெட்டிக்குக் கறையான் வந்துவிடும்.

துணிப் பொம்மைகளை மூடி வைக்குமுன் தோய்த்து, வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் நடுப்பஞ்சுவரை காயவிட வேண்டும். இடையில் காய்ந்த வேப்பிலை போடலாம். பூச்சி உருண்டை மட்டும் வேண்டாம், நச்சு; பிள்ளைகள் இனிப்பென்று வாயில் போட்டுவிடுவார்கள்.

பட்டத்தை எந்தப் பெட்டியிலும் திணிக்காதீர்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை வானத்தைப் பார்த்த பிள்ளை தன் பட்டத்தைச் சுவரில் மாட்டி வைப்பதே அழகு.

கொடுப்பதா, வைத்திருப்பதா, எறிவதா என்ற கேள்விதான் வீட்டில் சண்டை மூட்டுவது. இங்கே நான் பெரியவர்கள் பக்கம் நிற்கிறேன். 1995 ஒக்ரோபர் 30இல் போரினால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு, கையில் பிடித்ததை மட்டும் கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்கள் இன்றைய அம்மம்மாமார். ஒற்றைச் சில்லுக் காரையும் அவர்கள் எடுத்து வைக்கிறார்களென்றால் அதற்கு வரலாறு இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் குப்பையில் போடுவது கொடுமை. அவர்களையே கேட்டு, வைத்திருக்க விரும்புவதை ஒரு பெட்டிக்குள் அடங்கச் செய்யுங்கள். மிச்சத்தில் முழுமையானதைக் கழுவி உறவுப் பிள்ளைகளுக்கோ அருகிலுள்ள முன்பள்ளிக்கோ, முன்கூட்டியே கேட்டுக் கொடுக்கலாம். உடைந்ததைக் கொடுப்பது வாங்கும் பிள்ளையை அவமதிப்பது.

எறிவதை வளவு மூலையில் எறியக் கூடாது. மாமரத்தின் கீழ் கிடக்கும் லொறித் தட்டும் பாவையின் குளியல் தொட்டியும் மாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும். டெங்கு நுளம்பின் முட்டை ஒரு கிழமை முதல் பத்து நாளுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். அந்த முட்டை காய்ந்த பாத்திரச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைகள் மண்சோறு ஆக்கும் சிரட்டைக்கும் இதே விதி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்க்குமுன் நாமே பார்த்துவிடலாம்.

பெட்டியில் வைத்தாலும் கொடுத்தாலும் எறிந்தாலும் பற்றரியை முதலில் கழற்றுங்கள். சாதாரணப் பற்றரி கசிந்து சாமானைக் கெடுக்கும். பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் மின்னும் கைக்கடிகாரங்களிலும் உள்ள பொத்தான் பற்றரி அதைவிடக் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். திருவிழாக் கடைச் சாமான்களில் பற்றரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.