பழைய கார் திணறினால்: கார்புரேட்டரைச் சரிசெய்வதா, புதிது போடுவதா, இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதா?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய கார் திணற ஆரம்பித்ததும் மூன்று யோசனைகள் வந்து சேரும். இருப்பதையே கழற்றிக் கழுவி, சர்வீஸ் கிட் போட்டு ஓட்டு என்பார் ஒருவர். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டு என்பார் இன்னொருவர். இந்தத் தொல்லையே வேண்டாம், இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிடு, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்குப் போய்விடு, என்பார் மூன்றாமவர். மூன்றிலும் உருப்படியாக ஓடும் கார்கள் உண்டு. ஆனாலும் என் கட்சி முதலாமவரின் கட்சி. மற்ற இரண்டு வழிகளுக்கும் போகக் குறிப்பான காரணம் வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: கோளாறு கார்புரேட்டரில்தான் என்பது உறுதியா? கார்புரேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பகுதி, கலவையைப் பற்றவைக்கும் இக்னிஷனுக்குச் சேர வேண்டியது. நன்றாக ஓடிய வண்டி சூடானதும் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வேப்பர் லாக்காக இருக்கலாம். சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும் காயிலாகவும் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தருவது) இருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் போயிருக்கவும் கூடும். ஓட்டுபவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிரித்தறிய ஒரே வழி, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியைச் சந்தேகியுங்கள். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் அணைந்த நிலையிலேயே, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டில் லீவரைக் கையால் அசையுங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, இக்னிஷன் பாகங்களான காயில், கண்டென்சர் பக்கம் போகலாம். வறண்டு கிடந்தால் பெட்ரோல் வரத்தில்தான் குறை. ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஸ்டார்ட் ஆகி, விட்டவுடனே அணையும் வண்டியில் முதலில் பெட்ரோலைத் தேட வேண்டாம். பல பழைய கார்களில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் காயிலுக்கு மின்சாரம் நேராகப் போகும். ஓடும்போது, மின்சாரத்தைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டர் அறுந்தால் இப்படித்தான் ஆகும். அதேபோல, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறினால், பொறி எழும் நேரமான டைமிங்கும் கூடவே மாறிவிடும். அந்த நிலையில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு கோளாறு இரண்டாகும். வால்வு கிளியரன்ஸ், பாயிண்ட், டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர் என்ற பழைய டியூனிங் வரிசைக்குக் காரணம் இதுதான்.

சரி, இத்தனையும் பார்த்தாயிற்று, கார்புரேட்டர்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது மூன்று வழிகளையும் எடை போடலாம்.

இருப்பதைச் சரிசெய்வதில் எனக்குப் பிடித்தது, கோளாறு தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுப்பது. வேகத்தில் நன்றாக ஓடி, ஐடிலில் மட்டும், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது மட்டும், அணைந்தால் பெட்ரோலை அளந்துவிடும் ஐடில் ஜெட் அடைத்திருக்கும். அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான், ஒரு தூசி போதும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் தடுமாறி, பிறகு எடுத்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் சவ்வான டயாஃப்ரத்தைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போதோ நெடுநேரம் வேகமாகப் போகும்போதோ மூச்சு வாங்கினால் மெயின் ஜெட், கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டம், பெட்ரோல் வரத்து என்று தேட வேண்டும். பிளக்கைக் கழற்றினால் கரிய வறண்ட புகைக்கரி படிந்திருக்கிறதா? கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். வெளிறிப்போய் வெள்ளையாக இருக்கிறதா? லீன், அதாவது பெட்ரோல் குறைவு. ரிச்சாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதும் திறக்கிறதா, ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினாலே உள்ளே சளசளப்பது கேட்கும்.

நாள்பட நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின்போல ஜெட்டுகளில் ஒட்டியிருக்கும். அதைக் கம்பியால் குத்தி எடுப்பவர்களை அனுமதிக்காதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு நூலளவு பெரிதானாலும் அளவு போய்விடும். கிளீனரில் ஊறவைத்து காற்றால் ஊதினால் போதும். கேஸ்கட்டுகள், கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வு, டயாஃப்ரம் மூன்றும் புதிதாகட்டும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு: இன்ஜினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டில். அதைப் பிடித்து ஆட்டும்போது தடதடவென்று பிளே இருந்தால் அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே போகும். ஐடில் ஒருபோதும் நிலைக்காது. எந்த கிட்டும் இதைக் குணப்படுத்தாது. லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் புது புஷ் போட வேண்டும். பாடி அரித்துப்போய், விரிசல் விட்டிருந்தால் அதுவும் பயனில்லை. இப்படிப்பட்ட நிலையில்தான் புதிது வாங்குவது நியாயம்.

புதியது என்றதும் பெட்டியைத் திறந்து மாட்டினால் முடிந்தது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உங்கள் கார்புரேட்டரின் ஜெட்டுகளும் வெஞ்சுரி எனும் குறுகிய காற்றுவழியின் அளவும் உங்கள் இன்ஜினுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. பல கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நகலில் அந்தப் பொருத்தம் இருக்காது. வேக்கூம் குழாய்க்கு இடம் இல்லாமல் இருக்கும், சோக் இணைப்பு வேறாக இருக்கும், லிங்கேஜ் முழுதும் திறக்காது. எல்லாவற்றையும் சமாளித்து, ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். அதே மாடல், அதே எண்ணுள்ள கார்புரேட்டர் கிடைத்தால் மட்டும் தயங்க வேண்டியதில்லை. பழையதை எந்த நிலையிலும் தூக்கிப் போடாதீர்கள், அதன் ஜெட்டுகள் பிறகு உதவும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தக் கணக்கில் ஒரு புது வரவு. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 10 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் அது ஏறக்குறைய 14.1 ஆகக் குறைகிறது. ஜெட் மாறாமல் எரிபொருள் மட்டும் மாறும்போது கலவை சற்று லீன் ஆகும். ஏற்கெனவே லீன் பக்கம் நின்ற வண்டி இதனால் திணறலாம். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும், அதனால் அதைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது அவசியம்.

இங்கேதான் மூன்றாவது வழிக்கு உண்மையான பலம் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் கிட், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். எரிபொருள் மாறினாலும், மலை ஏறினாலும், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தாலும் சமாளிக்கும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கார்புரேட்டருக்கு ஏறக்குறைய 2 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் கிட்டுகள் பல 40 முதல் 60 பிஎஸ்ஐ கேட்கும். எனவே பம்ப், குழாய், கிளாம்ப், ஃபில்டர் எல்லாம் மாற வேண்டும். பல கிட்டுகளுக்கு டேங்குக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள கார் என்றால் ஐடிலில் மின்சாரம் பற்றாது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை லீன் என்று தப்பாகக் காட்டும்; கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். கம்ப்ரஷன் போன இன்ஜினையும், மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்று இழுக்கும் இன்ஜினையும் இன்ஜெக்‌ஷன் காப்பாற்றாது. கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பெட்ரோல் வரத்துதான் குறை என்றால் கேள்வி பம்பைப் பற்றியது. மணிக்கு 90 கிலோமீட்டரில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் கார் நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டர்தான் குடிக்கிறது. நல்ல நிலையில் உள்ள மெக்கானிக்கல் பம்புக்கு இது பெரிய வேலையே இல்லை. பெட்ரோல் வரவில்லை என்றால் பம்பை மாற்றும் முன் டேங்க் துருவையும் ஃபில்டரையும் பம்புக்கு வரும் குழாயையும் பாருங்கள். இழுக்கும் பக்கத்துக் குழாயில் விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே காற்றை உறிஞ்சும். பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினை ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும்.

எலெக்ட்ரிக் பம்ப் டேங்குக்குப் பக்கத்திலிருந்து தள்ளுவதால் குழாய் முழுதும் அழுத்தத்தில் இருக்கும், வேப்பர் லாக் குறையும். வெயிலில் அடிக்கடி நின்றுபோகும் காருக்கும், வாரக்கணக்கில் நின்று கிண்ணம் காய்ந்துபோகும் காருக்கும் இதை மனதாரச் சொல்வேன். கார்புரேட்டர் தாங்கும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீடில் வால்வை மீறிக்கொண்டு பெட்ரோல் வழியும். இன்ஜின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப் தானே நிற்கும்; எலெக்ட்ரிக் பம்ப் விபத்துக்குப் பிறகும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சோ, ஆயில் பிரஷர் இறங்கினால் பம்பை நிறுத்தும் சுவிட்சோ இல்லாமல் இதை மாட்டிக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள்.