"டிடாஸ் பாதுகாப்பு உண்டு" என்ற பேச்சை நம்பி 240 டாலர் போச்சு

முந்தாநாள் ராத்திரி நடந்தது. கை இன்னும் பதறுகிறது. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் ஒரு வருடத்துக்கு மொத்தமாக 240 டாலர் கட்டினேன். மாதத் தவணையும் இருந்தது. ஆனால் டிடாஸிலிருந்து, அதாவது பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் குப்பைத் தரவைக் கொட்டி சர்வரை முடக்கும் தாக்குதலிலிருந்து, முழுப் பாதுகாப்பு வருடத் திட்டத்தில்தான் என்றார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான் குடைந்து குடைந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. 2014 கிறிஸ்துமஸ் அன்று சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவும் டிடாஸ் தாக்குதலில் ஒன்றாகப் படுத்தன. புது கேம் கையில், உள்ளே நுழைய வழியில்லை. அவ்வளவு பெரிய நெட்வொர்க்குக்கே அந்தக் கதி. இன்றைக்கு இந்தத் தாக்குதலை நடத்த யாரும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, காசு கொடுத்தால் செய்துகொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. 2018இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முடக்கிய வெப்ஸ்ட்ரெசர் என்ற அப்படிப்பட்ட ஒரு தளத்தில் மட்டும் 1,36,000 பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். தோற்ற கோபத்தில் எவனாவது எங்கள் சர்வர்மேல் ஏவிவிட மாட்டானா?

அதனால் பணம் கட்டும் முன் சாட்டில் நேராகவே கேட்டேன் (யுடிபி என்பது வேகத்துக்காக கேம்கள் தரவை அனுப்பும் ஒரு முறை, வெப்சைட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்துவது வேறு): "எங்கள் கேம் யுடிபியில் ஓடுவது. அதற்கும் உங்கள் பாதுகாப்பு உண்டா? போட்டி நடுவில் அடித்தால் என்ன செய்வீர்கள்?" ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. "கவலையே வேண்டாம் சார், எவ்வளவு பெரிய தாக்குதல் வந்தாலும் உங்கள் ஆட்டம் நிற்காது." அந்த ஒரு வரிக்குத்தான் அட்டையை எடுத்தேன்.

முந்தாநாள் இறுதிப்போட்டி. 32 பேர், மூன்று வாரமாகப் பயிற்சி எடுத்த பசங்கள். இரண்டாவது சுற்றில் 40இல் இருந்த பிங் (சர்வரிடமிருந்து பதில் வர ஆகும் நேரம், மில்லிவினாடியில்) 300, 900 என்று ஏறியது. எல்லோரும் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். ஒவ்வொரு பெயராகப் பட்டியலிலிருந்து உதிர்ந்தது. கடைசியில் என் பெயர் மட்டும்.

கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் "நல் ரூட், 24 மணி நேரம்". அதாவது தாக்குதலை வடிகட்டவே இல்லை. எங்கள் சர்வரின் இணைய முகவரிக்கு (ஐபி) வருவதையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், அவர்களே குப்பையில் போட்டுவிட்டார்கள். அடித்தவனுக்கும் அதுதானே வேண்டும்? அவன் நிறுத்திவிட்டுப் போனாலும் நாங்கள் ஒரு நாள் முழுக்க வெளியே!

உதவிப் பிரிவுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். முதல் பதில்: "மற்ற வாடிக்கையாளர்களைக் காக்க எடுத்த நடவடிக்கை." நான் யார், வாடிக்கையாளர் இல்லையா? இரண்டாவது பதிலில் ஒரு சுட்டி. விதிமுறைகளின் அடியில், பாதுகாப்புக்கு ஒரு வரம்பு உண்டாம், தாண்டினால் துண்டிப்பார்களாம். சாட்டில் சொன்னதைப் படம் பிடித்து அனுப்பினேன். "அது விற்பனைப் பிரிவு, எங்களுக்குத் தொடர்பில்லை" என்றார்கள். அப்புறம்தான் வயிறு எரிந்தது: இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள்! 240 டாலரைத் திருப்பிக் கேட்டால் வருடத் திட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது. அந்த 2014 கிறிஸ்துமஸ் முடக்கத்துக்காக சோனி, பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தாவின் உறுப்பினர்களுக்கு 5 நாள் கூடுதலாகக் கொடுத்தது. இவர்கள் இழந்த அந்த ஒரு நாளைக்கூடத் தரவில்லை. பணத்தைவிட, அந்த 32 பேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். "எந்த அளவைத் தாண்டினால் நல் ரூட் போடுவீர்கள், எத்தனை மணி நேரம்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெப்சைட்டுக்கான வடிகட்டியை கேம் சர்வருக்கும் ஆகும் என்று தள்ளிவிடுவார்கள், யுடிபிக்கு உண்டா என்று கேட்டே ஆகவேண்டும். சாட்டைப் படம் பிடித்து வையுங்கள். அப்புறம், கோபத்தில் திருப்பி அடிக்க அந்த மாதிரித் தளங்களுக்குப் போகாதீர்கள், அது குற்றம். எங்கள் குழுவிலேயே ஒரு தம்பி கேட்டான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அட்டை கொடுத்த வங்கியில் 240 டாலருக்குப் புகார் பதிந்திருக்கிறேன். இதை எழுதும்போதே ஒரு மின்னஞ்சல் வந்தது: "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, டிக்கெட் மூடப்படுகிறது." மறுபடி திறந்திருக்கிறேன்.