ஹவுன்ஸ்லோ வீட்டில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்: அடுப்படிக்குத் தண்ணீர், குளியலறைக்குக் கரண்ட்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் உள்ள எங்கள் வீட்டில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதாவது தரைக்கு அடியிலிருந்து அறையைச் சூடாக்கும் ஏற்பாடு, இரண்டு வகையும் இருக்கிறது. பின்பக்கம் இழுத்துக் கட்டிய அடுப்படியில் வெந்நீர்க் குழாய், மாடிக் குளியலறையில் கரண்ட் கம்பி. முன்னறையில் சுவரில் மாட்டிய, வெந்நீர் ஓடும் பழைய ரேடியேட்டரேதான். மூன்றையும் ஒரே வீட்டில் வைத்துச் சில குளிர்காலங்களை ஓட்டிவிட்டதால், எது எந்த அறைக்கு லாயக்கு என்று கொஞ்சம் தைரியமாகவே சொல்வேன். எக்ஸ்டென்ஷன் கட்டப்போகும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்று. பிராண்ட் கடைசி விஷயம். குழாய்க்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே என்ன வருகிறது, இந்த இரண்டும்தான் பில்லையும் சுகத்தையும் தீர்மானிக்கின்றன.

வீடு 1930களில் கட்டிய செமி-டிடாச்ட், ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு இதே வீடுதான். முன்பக்க அறைகளுக்கு மரச்சட்டத்தின் மேல் பலகைத் தரை, அதற்குக் கீழே காற்றோடும் வெற்றிடம். பின்னால் புதிதாகக் கட்டிய அடுப்படியும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 28 சதுர மீட்டர், கான்கிரீட் தரை, தோட்டப் பக்கம் முழுக்கக் கண்ணாடி மடக்குக் கதவு. அந்தக் கண்ணாடியால் ரேடியேட்டர் மாட்டச் சுவரே மிச்சமில்லை. அண்டர்ஃப்ளோர் பக்கம் நாங்கள் போனதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது, இந்த வீட்டில் யாரும் உள்ளே செருப்புப் போடுவதில்லை. ஜனவரி மாதம் டைல்ஸில் வெறுங்காலோடு நின்று தோசை சுட்டுப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த விற்பனையாளர் அடுப்படி முழுவதற்கும் கரண்ட் மேட்டையே (கம்பி கோத்த வலை விரிப்பு) தலையில் கட்டப் பார்த்தார். "குழாய், பம்ப் எதுவும் வேண்டாம், ஒரே நாளில் முடிந்துவிடும், போடும் செலவு பாதிதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் விஷயம். சதுர மீட்டருக்கு 150 வாட் மேட்டை, அலமாரிகள் போகச் சூடாக்க வேண்டிய 22 சதுர மீட்டருக்கு விரித்தால் 3.3 கிலோவாட். யூனிட் சுமார் 25 பென்ஸ் என்று வைத்தால், முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 80 பென்ஸுக்கு மேல். தெர்மோஸ்டாட் நடுவே நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஸ் யூனிட் 6, 7 பென்ஸுக்குக் கிடைக்கும் நாட்டில், நாள் முழுக்கச் சூடாக இருக்க வேண்டிய பெரிய அறையைக் கரண்டில் சூடாக்குவது நிச்சயம் கையைக் கடிக்கும். போடும்போது மிச்சமாகும் காசை ஒவ்வொரு குளிர்காலமும் தவணை கட்டித் தீர்க்க வேண்டியிருக்கும்.

அதனால் அடுப்படிக்கு, கேஸ் பாய்லர் சூடாக்கித் தரும் தண்ணீர். 16 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், நடுவே அலுமினியப் படலம் வைத்தது. 150 மில்லிமீட்டர் இடைவெளியில் பாம்புபோல் வளைந்து வளைந்து போகிறது. இந்த இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குழாய் பிடிக்கும். ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தண்ணீரைத் தள்ள பம்ப் திணறும். எங்களுக்கு இரண்டு சுற்று. 200 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டால் குழாய் மிச்சமாகும் என்று ஒரு கொட்டேஷன் வந்தது. கண்ணாடி அதிகமுள்ள அறைக்கு அது சரிவராது. குழாய்கள் தள்ளித் தள்ளி இருந்தால் அதே சூட்டைப் பெற இன்னும் சூடான தண்ணீர் அனுப்ப வேண்டும். குறைந்த சூட்டுத் தண்ணீரில் வேலை முடிவதுதானே இதன் முழு லாபமே? ரேடியேட்டருக்குப் போகும் 60, 65 டிகிரி தண்ணீரை, சுற்றுகளுக்குத் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டில் உள்ள மிக்ஸிங் வால்வு 40 டிகிரிக்கு இறக்கித் தரைக்குள் அனுப்புகிறது.

இந்தத் தரை அடுப்புபோல் சுடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அறை 20 டிகிரியும் தரை 29 டிகிரியும் இருந்தால் ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 100 வாட் தரும். அதற்கு மேல் எந்த பிராண்டாலும் தர முடியாது. எங்கள் தரை பெரும்பாலும் 24, 25 டிகிரியில்தான் இருக்கிறது. காலை வைத்தால் சூடு என்று தோன்றாது, குளிர் இல்லை என்றுதான் தோன்றும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சாயங்காலத் தட்டட்டி மாதிரி இருக்கு" என்றார், மொட்டைமாடியைச் சொல்கிறார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கீரை ஆய்வதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான்.

இப்போது கீழே இருப்பதற்கு வருகிறேன். குழாய்க்கு அடியில் இன்சுலேஷன் பலகை போடாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து மண்ணைத்தான் சூடாக்குகிறீர்கள். எங்கள் பில்டர் 50 மில்லிமீட்டர் பலகை போதும் என்று சாதித்தார். டிசைன் வரைந்து கொடுத்தவர் 120 கேட்டிருந்தார். 70 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கூடுதலாகப் பள்ளம் தோண்டி, மண்ணை ஸ்கிப்பில் (வாடகைக் குப்பைத் தொட்டி) ஏற்றி அனுப்ப வேண்டும். அதுதான் பில்டருக்குக் கசந்தது. வரைபடத்தைக் காட்டி, பிடிவாதமாக நின்று 120 போட வைத்தோம். சுவரோரம் சுற்றிலும் ஒரு நுரைப் பட்டை ஒட்டுவார்கள், அதையும் கவனியுங்கள். குழாய்மேல் ஊற்றும் தரைக் கலவையான ஸ்கிரீட் சூட்டில் விரியும்போது சுவரை முட்டாமல் இருக்கவும், சூடு சுவர் வழியாக ஓடிப்போகாமல் இருக்கவும் அது வேண்டும். ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்ததை என் கணவர் பார்த்துச் சொல்லித்தான் ஒட்டினார்கள்.

ஸ்கிரீட் விஷயத்தில் அவசரம் காட்டும் பில்டரிடம் மட்டும் மசியாதீர்கள். எங்களுடையது ஜிப்சம் கலந்த திரவ ஸ்கிரீட், 50 மில்லிமீட்டர். தண்ணீர்போல் ஊற்றுகிறார்கள், தானே மட்டமாகிக் குழாயைச் சுற்றி இடுக்கில்லாமல் நிரம்பிவிடுகிறது. ஊற்றும்போது குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அழுத்த மீட்டரின் முள் இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். இந்த வகைக்கு ஏழு நாள் கழித்துத்தான் ஹீட்டிங்கைத் தொடலாம், சிமெண்ட் மணல் வகைக்கு 21 நாள். அதுவும் முதலில் 25 டிகிரித் தண்ணீர் மூன்று நாள், பிறகுதான் மெல்ல ஏற்ற வேண்டும். காய்வதற்கு முதல் 40 மில்லிமீட்டர் வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு, அதற்கு மேல் இன்னும் மெதுவாகத்தான் காயும். பில்டரோ அடுத்த வாரமே டைல்ஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்! திருப்பி அனுப்பினோம். ஜிப்சம் ஸ்கிரீட் காய்ந்ததும் மேலே ஒரு மெல்லிய வெள்ளை ஏடு படியும். அதைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் டைல்ஸ். அப்படிச் செய்யாமல் சிமெண்ட் பசையை நேரே பூசினால் பசையும் ஜிப்சமும் வினைபுரிந்து டைல்ஸ் கழன்று வரும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே பொள்ளலாகக் கேட்கிறது.

மேனிஃபோல்ட் படிக்கட்டுக்கு அடியில் உள்ள கப்போர்டில். பித்தளைக் கட்டையில் இரண்டு கண்ணாடிக் குழல், ஒவ்வொன்றிலும் சிவப்பு மிதவை. எந்தச் சுற்றில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரியும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் வெள்ளைத் தொப்பிபோல் உள்ள ஆக்சுவேட்டர் உடனே திறக்காது. உள்ளே மெழுகு உருகி விரிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதல் நாள் இது தெரியாதவர்கள் ரிப்பேர் என்று போன் போட்டுவிடுவார்கள். இந்தக் கப்போர்டால் எதிர்பாராத ஒரு லாபம்: இட்லி மாவு. லண்டன் குளிரில் மாவைப் புளிக்க வைக்க ஓவன் விளக்கு, கம்பளி என்று எல்லோரும் ஏதோ வைத்தியம் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் மாவுச் சட்டியை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறேன், காலையில் பொங்கி நிற்கிறது. அடியில் தட்டு வைக்க மறக்காதீர்கள், பம்ப்பின் மேல் வழிந்தால் எந்த வாரண்டியும் காப்பாற்றாது.

குறைகளும் உண்டு. முதலாவது மந்தம். ஆறிக்கிடக்கும் ஸ்கிரீட் தரை சூடேற இரண்டு மணியிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். வேலையிலிருந்து வந்ததும் போட்டு, தூங்கப் போகும்போது அணைக்கிற பழக்கம் இதற்கு ஒத்துவராது. பகலுக்கு 20, இரவுக்கு 17 என்று வைத்துவிட்டு நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. மார்ச், ஏப்ரலில்தான் எரிச்சல். காலையில் குளிர் என்று தரை சூடேறியிருக்கும், பதினொரு மணிக்கு வெயில் கண்ணாடி வழியாக அடிக்கும், தரையை அணைத்தாலும் அது சாவகாசமாகத்தான் ஆறும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது, நம் வீட்டுப் பழக்கவழக்கம். வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் தரையில் வைக்கிறவர்கள் நாம். சூடான தரையில் வெங்காயம் முளைத்துவிடும். டிசைன் போடும்போதே மளிகை அலமாரி வரும் மூலையையும் கிச்சன் கேபினெட் வரும் வரிசையையும் காட்டி, அங்கே குழாய் வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட்டோம். 28 சதுர மீட்டரில் 22 மட்டும் சூடாவது அதனால்தான். விருந்தாளி வந்தால் விரிக்கும் பவானி ஜமுக்காளமும் இதே கதை. கனமானது எதை விரித்தாலும் சூடு அடியிலேயே தங்கிவிடும், அறைக்கு வராது. கார்பெட் போடுவதாக இருந்தால் அடியில் வரும் மெத்தையோடு சேர்த்து 2.5 டாகுக்கு (சூட்டைத் தடுக்கும் அளவு) மேல் கூடாது என்பார்கள். மரத்தரையென்றால் மேற்பரப்பு 27 டிகிரியோடு நிறுத்த வேண்டும். டைல்ஸ்தான் இதற்குப் பிறந்தது.

மாடிக் குளியலறையில் கதையே வேறு. அங்கே தேவை காலையில் ஒன்றரை மணி நேரம், ராத்திரி ஒன்றரை மணி நேரம். அதற்காக மாடித் தரையைப் பெயர்த்துக் குழாய் போடுவது வீண். வார்மப் போன்ற கம்பெனிகள் விற்கும் ஒட்டும் வலை மேட் போதும். குமிழ்களுக்கு நடுவே கம்பி அழுந்தி உட்காரும், ஷ்லூட்டர் கம்பெனியின் ஆரஞ்சு விரிப்பும் நல்ல சாமான்தான், பலகைத் தரை அசைந்தால் டைல்ஸில் விரிசல் விழாமல் தாங்கும், ஆனால் விலை அதிகம். எங்கள் குளியலறையில் தொட்டி, டாய்லெட், வாஷ்பேசின் அலமாரி போக நிற்கிற இடம் 2.5 சதுர மீட்டர்தான். 150 வாட் மேட், ஆக 375 வாட். மூன்று மணி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 30 பென்ஸுக்குள். பத்து மில்லிமீட்டர் இன்சுலேஷன் பலகையின் மேல் போட்டதால் அரை மணிக்குள் காலுக்குத் தெரிகிறது. ஆனால் அறையைச் சூடாக்கும் என்று நம்பாதீர்கள். 375 வாட் அதற்குப் பற்றாது. துண்டு மாட்டும் ரேடியேட்டர் தனியாக வேண்டும்.

மேட்டின் வலையை வெட்டித் திருப்பலாம், கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு தரம், ஒட்டியதும் ஒரு தரம், டைல்ஸ் பதித்ததும் ஒரு தரம் மீட்டர் வைத்துக் கம்பியின் மின்தடையை ஓம் கணக்கில் பார்க்க வேண்டும். 375 வாட் மேட்டுக்குச் சுமார் 141 ஓம் வர வேண்டும். எங்கள் டைல்ஸ்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும், பூச்சுக் கரண்டி முனை கம்பியில் பட்டிருந்தால் டைல்ஸ் பதித்த பிறகு அவரா பெயர்த்துத் தரப்போகிறார்? தரைச் சென்சாரை ஒரு சிறு குழாய்க்குள் விடச் சொல்லுங்கள், கெட்டால் இழுத்து மாற்றலாம். இணைப்பு கொடுக்கப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், சான்றிதழையும் வாங்கி வையுங்கள். வீடு விற்கும்போது வக்கீல் கேட்பார்.

முன்னறைக்கு ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். பலகைத் தரையைப் பெயர்த்து, சட்டங்களுக்கு நடுவே இன்சுலேஷன் அடைத்து, அலுமினியத் தகடு வைத்துக் குழாய் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் இருக்கும் தரைமேலேயே 20 மில்லிமீட்டர் உயரத்தில் காடி வெட்டிய பலகை வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கதவெல்லாம் கீழே அறுக்க வேண்டும், படிக்கட்டின் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். நல்ல நிலையில் உள்ள அறைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வீட்டையே உரித்துப்போட்டு வேலை பார்ப்பவர்கள் யோசிக்கலாம். குறிப்பாக, கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் போடும் எண்ணம் இருப்பவர்கள். ஹீட் பம்புக்கு 35, 40 டிகிரித் தண்ணீர்தான் சிக்கனம், அதற்கு அண்டர்ஃப்ளோர் மாதிரிப் பொருத்தம் வேறில்லை. 2023 அக்டோபரில் ஹீட் பம்புக்கான அரசு மானியம் 7,500 பவுண்டாக உயர்ந்தது. 2022 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகப் போடும் சிஸ்டம் 55 டிகிரிக்கு மேல் போகாமல் டிசைன் செய்ய வேண்டும் என்று கட்டட விதியும் சொல்கிறது.

கொட்டேஷன் வாங்கும்போது, அறைவாரியாக வெப்ப இழப்புக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். போடாமல் வெறும் சதுர மீட்டர் விலை எழுதியவரோடு பேச்சை வளர்க்க வேண்டாம். ஸ்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள், சுவரிலிருந்து டேப் பிடித்துக் குழாய் ஓடும் வழியை மூலைக்கு மூலை படம் எடுங்கள். மடக்குக் கதவின் தாழ்ப்பாளுக்காகத் தரையில் ஓட்டை போட வந்தவர் எங்கள் படத்தைப் பார்த்துத்தான் டிரில்லைத் தள்ளி வைத்தார். போனில் வைத்தால் போன் மாறும்போது தொலைந்துவிடும். பிரிண்ட் எடுத்து மேனிஃபோல்ட் கப்போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.