மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு: நாங்களே மாற்றிய பாத்ரூம், பரண், தரை நாலு வருடத்தில் எப்படி இருக்கின்றன

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பணத்தை எதில் போடலாம் என்று யாராவது கேட்டால், கண்ணுக்குத் தெரியாத இடங்களைத்தான் சொல்வேன்: டைலுக்கு அடியில், சுவரும் தரையும் சேரும் மூலையில், குழாய் வெளியே வரும் துளையைச் சுற்றி. எழுபதுகளின் கடைசியில் கட்டிய எங்கள் வீட்டில் மாடி பாத்ரூம், பரண், கீழ்த்தளத்துத் தரை மூன்றையும் 2021-ல் நானும் தம்பியும் சேர்ந்து செய்தோம். பைப் லைனை மாற்ற பிளம்பரையும், கீசருக்குத் தனி லைன் இழுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டோம். அந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள். மற்றதைப் பொறுமை இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

பாத்ரூமுக்கு நேர் கீழே அம்மாவின் சமையலறை. அதன் மேற்கூரையில் எப்போதும் ஓதம். பழைய டைல் மேலேயே புது டைலை ஒட்டிவிடலாம், ஒரே நாளில் முடியும் என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். நாங்கள் சம்மதிக்கவில்லை. அப்படி ஒட்டினால் தரை உயரும். வாசற்படியின் தடுப்பு குறைந்து, குளிக்கிற தண்ணீர் படுக்கையறைக்குள் வரும். அதோடு கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே சிப்பிங் மெஷினை வாடகைக்கு எடுத்து, கான்கிரீட் தெரியும்வரை உடைத்தோம். இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி, துளை பாதி அடைந்துபோயிருந்தன. சுடுதண்ணீருக்கு சிபிவிசி, குளிர்ந்ததற்கு யூபிவிசி என்று இரண்டு வகை பிளாஸ்டிக் குழாய் போட்டார் பிளம்பர்.

அடுத்தது வாட்டம். நாலடிக்கு முக்கால் அங்குலம் இறங்கும்படி, நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால் துளை) நோக்கிச் சாந்து போட்டோம். ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள். எந்த மூலையிலும் தேங்கக் கூடாது. சாந்து காய்ந்தபின் பவுடரும் திரவமும் கலந்து பூசுகிற வாட்டர்ப்ரூஃபிங்கை இரண்டு கோட் அடித்தோம். இரண்டாவது கோட் முதலாவதுக்குக் குறுக்கே போக வேண்டும். மூலைகளில் ஃபைபர் வலை வைத்துப் பூசினோம். மற்ற சுவர்களில் ஓரடி உயரம் போதும், ஷவர் பக்கம் ஆறடிவரை ஏற்றினோம். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் நஹானி டிராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழே சமையலறையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு துளி இறங்கவில்லை. இன்றுவரை அந்தக் கூரை காய்ந்தே இருக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய திருப்தி இதுதான்.

டைல் இடுக்குக்கு எபாக்சி கிரவுட் போட்டோம். சிமெண்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை, ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. நாலு வருடமாக நிறம் மாறவில்லை, பூஞ்சையும் பிடிக்கவில்லை. சென்னை வெக்கையில் சட்டென்று இறுகிவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மேலே படிந்ததை உடனே ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் போர்வெல் தண்ணீர்தான், உப்பு ஜாஸ்தி. தரைக்குப் போட்ட சொரசொரப்பான டைலில் வழுக்கல் இல்லை, அம்மா தைரியமாக நடக்கிறார். ஆனால் அந்தச் சொரசொரப்பிலேயே உப்பும் படிகிறது. வாரம் ஒரு தடவை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீர் ஊற்றிப் பிரஷ் போட்டால் போய்விடும். இதைச் செய்ய முடியாதவர்கள் கறுப்பு டைல், கண்ணாடித் தடுப்பு இரண்டையும் மறந்துவிடுங்கள். இரண்டிலும் வெள்ளைப் புள்ளி ஒரே வாரத்தில் தெரியும். ஷவர் வாங்கும்போது ரப்பர் மாதிரி மெத்தென்ற துளைகள் உள்ளதா என்று பாருங்கள். விரலால் தேய்த்தாலே அடைப்பு உதிர்ந்துவிடும்.

பரண் விஷயம் சுருக்கம். கடப்பா கல் பலகைகளை அப்படியே விட்டோம், கரையான் தொட முடியாத பொருள் அது. அரித்துப்போன மரக் கதவுகளைக் கழற்றி டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் கதவு செய்து மாட்டினோம். கனமான கதவுக்குக் கீல் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் தொங்கும். மற்றபடி குறையில்லை.

கீழ்த்தளத்துத் தரை பழைய மொசைக். மங்கிப்போயிருந்தது. அதை மூடி விட்ரிஃபைட் டைல் போடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த தரை, இன்னும் பல வருடம் உழைக்கும். விரிசல்களில் நிறம் சேர்த்த ஒயிட் சிமெண்ட் அடைத்துக் காயவிட்டு, மெஷினில் 60, 120, 220, 320 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் கல்லை மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். கடைசியில் பளபளப்புக்கு ஆக்ஸாலிக் பவுடர். சேறு கணுக்கால்வரை தெறிக்கும். சுவரில் மூன்றடிக்கு பாலிதீன் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். தரை மட்டும் கண்ணாடியாக மின்னியது.

அதற்கு உண்மையான சோதனை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வந்தது. தெருத் தண்ணீர் ஹாலுக்குள் புகுந்தது. வடிந்தபின் கழுவித் துடைத்ததும் தரை பழையபடியே இருந்தது. எதிர்வீட்டில் ஆசையாகப் போட்டிருந்த லேமினேட் மரத்தரை ஊறி உப்பி, முழுதாகப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் புகக்கூடிய தெருவில் தரைத்தளத்துக்கு மரத்தரை வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

மொசைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாத்ரூமுக்கு வாங்கும் ஆசிட்டை அதன் மேல் ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது பளிங்குச் சில்லு, ஆசிட் அதைத் தின்றுவிடும். எலுமிச்சை உப்பும் அப்படித்தான். சோப்புத் தண்ணீர் போதும்.

அப்புறம், டைல் வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, ஷேட் எண் அச்சான அட்டையோடு பரணில் போட்டு வையுங்கள். பிறகு அதே மாடலைக் கேட்டு வாங்கினாலும் வேறு பேட்ச்சில் நிறம் ஒட்டாது. போன வருடம் ஒரு குழாயைச் சரிசெய்ய இரண்டு டைலை உடைத்தபோது அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது.