மளிகைக் கடைக் கணக்கும் பைத்தானும்: ஐந்தாண்டு அனுபவம்

2020இல், விண்டோஸ் 7 இருந்த பழைய மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.8ஆம் பதிப்பை நிறுவி நிரல் எழுதக் கற்கத் தொடங்கினேன். அந்த விண்டோஸில் ஓடும் கடைசிப் பதிப்பு அதுதான். கணினிப் படிப்பு எதுவும் எனக்கு இல்லை. அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கப் பைத்தானோடு கூடவே வரும் ஐடில் என்ற மென்பொருளே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். 50, 30 என்று இரண்டு தொகைகளைத் தட்டச்சு செய்து கூட்டச் சொன்னால் 5030 என்று வந்தது. நாம் தட்டச்சு செய்வதை 'இன்புட்' என்ற கட்டளை வாங்கித் தருவது எண்ணாக அல்ல, எழுத்துச்சரமாக, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாக. 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றினால்தான் கூட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஆனால் தரவு வகை (எண்ணா, எழுத்தா என்பது) அன்றைக்குப் புரிந்ததுபோல் எந்தக் காணொளியிலும் எனக்குப் புரிந்ததில்லை.

பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். 3.8இல் அடைப்புக்குறியை மூட மறந்தால், குற்றமே இல்லாத அடுத்த வரியைக் காட்டி அலைக்கழிக்கும். 2021இல் வந்த 3.10, மூடாத அடைப்புக்குறியையே சுட்டிவிடுகிறது. புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து பழைய பதிப்போடு போராடாதீர்கள்.

என்னை அதிகம் கற்க வைத்தது தமிழ்தான். வாடிக்கையாளர் பெயர்களை முதல் எழுத்து வாரியாகப் பிரிக்க நினைத்தேன். 'கோமதி'யின் முதல் எழுத்தைக் கேட்டால் 'க' என்றது! 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்றது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள்; பைத்தான் அவற்றையே எண்ணுகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தை நிறுவிய பிறகு 'கோ' முழுதாகக் கிடைத்தது. யாரோ நமக்காக உட்கார்ந்து இதைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்துபோனது.

குறை என்றால், கைபேசிச் செயலி எழுதுவதற்குப் பைத்தான் வசதியாக இல்லை. தம்பி கடைக்குச் செயலி கேட்டதால் இப்போது கோட்லின் என்ற இன்னொரு நிரல்மொழியைப் படிக்கிறேன். அங்கேயும் தட்டச்சு செய்த தொகை எழுத்தாகத்தான் வருகிறது. இம்முறை முதல் நாளே எண்ணாக மாற்றிவிட்டேன்.