மொத்தமாகக் காமன் கார்டுகள்: வாங்கலாமா, விற்கலாமா?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில் மலிந்து கிடக்கும் காமன் கார்டுகளில் காசு தேறுமா என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் பரணிலிருந்து நாலைந்து பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, இதற்கெல்லாம் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர். மற்றவர், 'ஐயாயிரம் பேஸ்பால் கார்டுகள், யாரும் கை வைக்காதவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கை பரபரக்க நிற்கிறவர். பல வருடங்களாக நான் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறேன். முதலாமவருக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை. இரண்டாமவருக்கான பதில் அவருடைய பொறுமையைப் பொறுத்தது.

காமன் என்றால் நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரரின் சாதாரண கார்டு. கையெழுத்து இராது, எத்தனையாவது பிரதி என்று காட்டும் வரிசை எண் முத்திரை இராது, பெயர் சொல்லும்படியான ரூக்கி கார்டாகவும் (ஆட்டக்காரரின் அறிமுகக் காலத்துக் கார்டு) இராது. ஆனால் பெட்டியின் மதிப்பைத் தீர்மானிப்பது ஆட்டக்காரரின் பெயரைவிடக் கார்டு அச்சான வருடம்தான். யாராவது பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்து நிற்கும். அமெரிக்காவில் இந்தக் காலத்துக்கு 'ஜங்க் வாக்ஸ்' (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதுவரை பேஸ்பால் கார்டு என்றால் டாப்ஸ் நிறுவனம் ஒன்றுதான் என்றிருந்த நிலை 1981இல் மாறியது; ஃப்ளீரும் டான்ரஸும் உள்ளே வந்தன. 1988இல் ஸ்கோர், 1989இல் அப்பர் டெக். பழைய கார்டுகள் பெரிய விலைக்குப் போவதைக் கண்ட மக்கள் புதிய கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள்; நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. பழைய கார்டுக்கு ஏன் விலை வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. 1952ஆம் ஆண்டின் டாப்ஸ் வரிசையில் கடைசியாக வெளிவந்த கார்டுகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அதே வரிசையைச் சேர்ந்த, பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. தொலைந்து போனதால்தான் அதற்கு அந்த விலை. 1990 டான்ரஸின் சிவப்பு விளிம்புக் கார்டையும் 1991 ஃப்ளீரின் மஞ்சள் விளிம்புக் கார்டையும் ஒருவரும் தொலைக்கவில்லை. அத்தனையும் புத்தம் புதிதாக அப்படியே இருக்கின்றன, எல்லோர் வீட்டுப் பரணிலும்.

ஆகவே விற்கிறவருக்கு முதல் செய்தி: அந்தக் காலத்துப் பெட்டியைப் பெட்டியாகவே விற்றால் கிடைப்பது ஏறக்குறைய பழைய காகித விலைதான். இதில் சுமை வேறு ஒரு சிக்கல். ஒரு கார்டு இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஐயாயிரம் சேர்ந்தால் ஒன்பது கிலோவை நெருங்கும். அதைத் தபாலில் அனுப்பும் செலவு பல நேரங்களில் கார்டுகளின் விலையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் விற்பனைத் தளத்தின் கமிஷன். வாங்குகிறவரே நேரில் வந்து தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் விற்கலாம். இல்லையென்றால் அந்த வேலையில் இறங்காதீர்கள். கார்டு வியாபாரியிடம் கொண்டுபோனால் அவர் பெட்டியைத் திறக்காமலே தலையை ஆட்டுவார். அவரிடம் ஏற்கெனவே அதே பெட்டி இருக்கிறது.

ஆனால் பிரித்து விற்றால் கதை மாறுகிறது. அணிவாரியாகப் பிரித்து, ஒரே அணியின் கார்டுகளை ஐம்பது நூறாகக் கட்டி விற்பது எனக்குத் தொடர்ந்து கைகொடுத்திருக்கிறது. பெரிய அணிகளின் கார்டு எங்கும் கிடைக்கும் என்பதால், சிறிய அணிகளின் கட்டுகள்தான் சீக்கிரம் போகின்றன. அடுத்தது செட் சேர்ப்பவர்கள், அதாவது ஒரு வருடத்து வரிசையின் எல்லா எண்களையும் சேர்ப்பவர்கள். எழுநூறு கார்டு கொண்ட ஒரு செட்டில் பதினோரு எண்கள் மட்டும் இல்லாமல் தவிக்கிற ஒருவருக்கு அந்தப் பதினோரு காமன்கள் பொக்கிஷம். ஸ்போர்ட்லாட்ஸ் போன்ற தளங்கள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே ஒரு கார்டு சென்ட் கணக்கில் விற்கும். மூன்றாவது கூட்டம் நான் எதிர்பாராதது: பழைய ஆட்டக்காரர்களுக்குக் கார்டைத் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறவர்கள். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு மறைந்த பந்துவீச்சாளரின் கார்டைத் தேடி வருகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். நட்சத்திரங்கள் இவர்களுக்கு வேண்டாம். நட்சத்திரங்கள் பதில் போடுவதில்லையே.

இந்த வழிகளில் வரும் பணத்தைச் செலவிட்ட மணிகளால் வகுத்துப் பார்த்தால் முகம் சுளிக்கும்படியான கூலிதான் வரும். எண் தேடி எடுத்து, உறையில் போட்டு, விலாசம் எழுதுகிற வேலைக்குத்தான் பணம் தருகிறார்கள். கார்டு அதற்கு ஒரு சாக்கு. அந்த வேலை பிடிக்காதவர் பெட்டியை யாருக்காவது சும்மா கொடுத்துவிட்டு அந்த மாலையை வேறு எதற்காவது செலவிடலாம்.

1974க்கு முந்தைய பெட்டி கிடைத்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. 1973 வரை டாப்ஸ் தன் பேஸ்பால் செட்டைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. பருவம் முடியும் நேரத்தில் வரும் கடைசிப் பகுதியைக் கடைகள் குறைவாகவே வாங்கின. பிள்ளைகளின் கவனம் அதற்குள் வேறு விளையாட்டுக்குப் போயிருக்கும். அதனால் 1952, 1966, 1972 போன்ற வருடங்களில் செட்டின் கடைசி எண்களில் வருகிற சாதாரண ஆட்டக்காரர்கூட, அதே செட்டின் முற்பகுதியில் உள்ள பெரிய பெயர்கள் சிலரைவிட அதிக விலைக்குப் போகிறார். 1974இல் முழுச் செட்டையும் ஒரே நேரத்தில் வெளியிட ஆரம்பித்ததும் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்த 1960களின் காமன்கூட என்னிடம் நெடுநாள் தங்கியதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு கார்டின் நிலைக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் கிரேடிங் விஷயத்திலும் இதே கோடுதான். 1990இன் காமன் பத்துக்குப் பத்து வாங்கினாலும் கட்டணம் கூடத் திரும்பாது. 1960களின் காமன், உயர்ந்த தரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்குமானால், யாருடைய செட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் என்ற தரவரிசைப் போட்டியில் இருக்கிற செட் சேர்ப்பவர்கள் அதற்காக முட்டி மோதுவார்கள்.

இனி வாங்குகிறவர் பக்கம். 'யாரும் கை வைக்காதவை' என்ற சொற்றொடரை நான் விளம்பரத்தில் பார்த்தால் நம்புவதில்லை. நெல்லைத் தூற்றி எடுத்துக்கொண்டு பதரை மூட்டை கட்டுகிறவர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் இந்த விற்பனையாளர்கள் பேசுகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எண் வரிசைப்படி அடுக்கிய பெட்டியின் படம் கேளுங்கள். 1989 அப்பர் டெக் வரிசையில் 1ஆம் எண் பின்னாளில் நட்சத்திரமான கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டு. வரிசை 2இல் தொடங்கினால் பெட்டி ஏற்கெனவே அலசப்பட்டது. 1987 டாப்ஸில் 320ஆம் எண் பேரி பாண்ட்ஸ், 366ஆம் எண் மார்க் மெக்வயர், இருவருமே நட்சத்திரங்கள். இந்த இரண்டு இடங்களிலும் ஓட்டை இருந்தால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் இந்த மூன்று எண்களையும் கேட்டேன். அடுத்த நாள் விளம்பரமே காணாமல் போனது.

அலசிய பெட்டி என்றாலே வீண் என்று சொல்ல மாட்டேன். அலசுகிறவர்கள் தேடுவது பெயரை. பெயரைத் தேடுகிற கண்ணுக்குத் தாள் தெரிவதில்லை. 1991 வரை டாப்ஸ் கார்டுகள் பழுப்புச் சாயல் கொண்ட மலிவான அட்டையில் அச்சாயின. 1992இல்தான் வெள்ளை அட்டைக்கு மாறினார்கள். ஆனால் 1984 முதல் 1991 வரை டிஃபனி என்று ஒரு சிறப்புப் பதிப்பும் வந்தது: அதே படம், அதே எண், வெள்ளை அட்டை, பளபளப்பான முகப்பு, குறைந்த எண்ணிக்கை. ஆகவே 1987 டாப்ஸ் வரிசை ஒன்றைப் பெட்டியில் மேலிருந்து பாருங்கள். பழுப்பு ஓரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அதை உருவி எடுங்கள். பின்புறத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால் அது கனடாவின் ஓ-பீ-சீ பதிப்பு. இல்லையென்றால் டிஃபனியாக இருக்க நல்ல வாய்ப்பு. ஒரு கார்டையும் புரட்டாமல், பெட்டியின் மேல் குனிந்தபடியே முழு வரிசையையும் இப்படிப் பார்த்துவிடலாம்.

1991 டாப்ஸிலும் ஒன்று உண்டு. வளைகுடாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு அனுப்பிய கார்டுகளின் முகப்பில் பொன்னிறத்தில் 'டெசர்ட் ஷீல்டு' (அந்தப் படை நடவடிக்கையின் பெயர்) என்ற முத்திரை இருக்கும். அது இல்லாத கார்டுக்கு மதிப்பே கிடையாது, இருந்தால் காமனுக்கும் ஆள் உண்டு. ஆனால் போலி முத்திரைகள் தாராளமாகப் புழங்குகின்றன, எச்சரிக்கை. 1990 டாப்ஸில் நட்சத்திர ஆட்டக்காரர் பிராங்க் தாமஸின் பெயரே அச்சாகாத 414ஆம் எண் கார்டும் அலசியவர் கண்ணில் படாமல் தப்பக்கூடியதுதான், ஆனால் அதை எதிர்பார்த்துப் பெட்டி வாங்குவது பைத்தியக்காரத்தனம்.

சில சமயம் உலகமே ஒரு காமனை விலையேற்றிவிடும். 1990-91 என்பிஏ ஹூப்ஸ் என்ற கூடைப்பந்து வரிசையில் மார்க் ஜாக்சன் என்ற ஆட்டக்காரரின் கார்டு கால் காசு பெறாதது. 2018இல் யாரோ அதை உற்றுப் பார்த்தார்கள். பின்னால் மைதானத்தை ஒட்டிய இருக்கையில், பெற்றோரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற மெனண்டஸ் சகோதரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொலைக்குப் பிறகு, கைதாவதற்கு முன் எடுத்த படம். அதன்பின் அந்தக் கார்டுக்கு ஏற்பட்ட கிராக்கி எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. என்றாலும், என் ஹூப்ஸ் பெட்டிகளைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புதிய கார்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020, 2021இல் வந்த கார்டு மோக அலையில் கடைகளில் அடிதடி நடந்தது. அமெரிக்கக் கடைத்தொடரான டார்கெட் 2021 மே மாதம் தன் கடைகளில் கார்டு விற்பதையே நிறுத்தி வைத்தது. அந்த வேகத்தில் அச்சான பேனினி நிறுவனத்தின் ப்ரிஸம் வரிசைக் காமன்கள்தான் இப்போது மொத்தப் பெட்டிகளில் வந்து குவிகின்றன. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. பாதி கார்டுகள் ஈரப்பதத்தில் வளைந்து வில்லாக நிற்கும். இவற்றில் பார்க்க வேண்டியது பின்பக்கம்: சில்வர் முதலிய பாரலல் கார்டுகளில் (அதே கார்டின் நிறம் மாற்றிய அரிய வடிவங்கள்) 'ப்ரிஸம்' என்ற சொல் அங்கே அச்சாகியிருக்கும், சாதாரண பேஸ் கார்டில் இராது. டாப்ஸின் புதிய செட்களில் இதற்கு ஈடானது, பின்புறத்தின் அடியில் எறும்பு அளவில் இருக்கும் குறியீட்டு எண். படம் மாற்றி அச்சிட்ட அரிய கார்டுகளில் அதன் கடைசி இலக்கங்கள் வேறாக இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும். கார்டைப் படம் பிடித்து விலை சொல்லும் செயலிகள் இதையெல்லாம் பிடிப்பதில்லை. நான் பயன்படுத்திய ஒன்று சாதாரண கார்டுக்கெல்லாம் பாரலலின் விலையைக் காட்டி ஆசை மூட்டியது.

வாங்கும்முன் முகர்ந்து பார்க்க முடிந்தால் முகர்ந்து பாருங்கள். சிகரெட் வாடை போகாது. 1990களின் பளபளப்பான கார்டுகள், முக்கியமாக டாப்ஸின் ஸ்டேடியம் கிளப் வரிசை, வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரித்தால் முகம் உரிந்துவிடும்.

இப்போது நான் வாங்குவது இரண்டே வகை: 1974க்கு முந்தைய கலவைக் கட்டுகள், மழுங்கியிருந்தாலும் சரி, பிறகு 1990களின் பிற்பகுதிக் கூடைப்பந்துப் பெட்டிகள், ஏனென்றால் அன்று யாரும் மதிக்காத இன்சர்ட்களும் (பாக்கெட்டில் இடையிடையே வரும் தனி வரிசைச் சிறப்புக் கார்டுகள்) பாரலல்களும் அவற்றில் காமன்களோடு கலந்து கிடக்கின்றன. 1987 முதல் 1993 வரையிலான பேஸ்பால் பெட்டிக்கு ஒரு காசு கூடக் கொடுப்பதில்லை. இலவசமாக வந்தால் வெள்ளை ஓரத்துக்காக மட்டும் ஒரு நோட்டம் விடுவேன். மிஞ்சுவதை அணிவாரியாகக் கட்டிப் பள்ளிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கொடுத்துவிடுகிறேன். கட்டுக்கு ஒன்றாவது தெரிந்த முகம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத ஐம்பது பேரை மட்டும் கட்டிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் இரண்டாவது கார்டுக்கு மேல் புரட்டுவதில்லை.